நீலகிரியிலிருந்து ஐரோப்பா: நடுவழியில் வரும் நீண்ட லேஓவரைச் சமாளிப்பது எப்படி

ஊட்டியிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறவர் முதலில் மலை இறங்க வேண்டும். பிறகு கோவை, பெங்களூரு, சென்னை, கொச்சி என்று எங்காவது போய் ஏற வேண்டும். பெரும்பாலும் நடுவில் இன்னொரு ஊரில் விமானம் மாறவும் வேண்டும். ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஒரு விமான நிலையத்தில் உட்கார வேண்டி வருவது, அதாவது லேஓவர், இந்தப் பயணத்தோடு ஒட்டிப் பிறந்தது. ஆனால் அந்தக் காத்திருப்பு எந்த ஊரில் விழ வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே நீங்கள் தீர்மானிக்கலாம். மலைப்பாதையோ முதல் விமானமோ காலை வாரிவிட்டால் தாங்க வேண்டும் என்றால் காத்திருப்பை இந்தியாவிலேயே வையுங்கள். தூங்கி எழ வேண்டும் என்றால் வளைகுடா நாட்டில் வையுங்கள். ஊர் பார்க்கும் ஆசை இருந்தால் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள், வையுங்கள். மூன்றையும் ஒரே இடத்தில் எதிர்பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

டிக்கெட் எடுக்கும்போது

பயணத்தின் எல்லாத் துண்டுகளும், அதாவது நீங்கள் ஏறும் ஒவ்வொரு விமானமும், ஒரே பிஎன்ஆர் எண்ணுக்குள் (டிக்கெட் பதிவு எண்) இருக்க வேண்டும். விலை மலிவாக இருக்கிறதே என்று கோவையிலிருந்து ஒரு டிக்கெட், பெங்களூரிலிருந்து வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே பிஎன்ஆர் என்றால் அடுத்த விமானத்தில் இடம் போட்டுத் தருவது ஏர்லைன்ஸின் வேலை. ஆன்லைன் ஏஜென்சிகளில் 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சின்ன எழுத்தில் போட்டு விற்கும் டிக்கெட்டைத் தொடவே வேண்டாம். நடுவிலுள்ள நாட்டில் இமிகிரேஷன் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அந்த நாட்டு விசா கையில் இல்லையென்றால் முதல் விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள்.

ஒரே பிஎன்ஆரிலும் ஒரு கண்ணி இருக்கிறது, மலைக்காரர்கள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். குன்னூர்ப் பாதையிலுள்ள பர்லியாரில் மண் சரிந்து கோவை விமானத்தைப் பிடிக்க முடியவில்லை என்று வையுங்கள். 'பரவாயில்லை, மைசூர் வழியாகக் காரில் போய்ப் பெங்களூரிலேயே ஏறிக்கொள்ளலாம்' என்று தோன்றும். முடியாது. முதல் துண்டுக்கு நீங்கள் வரவில்லை என்று 'நோ-ஷோ' பதிவானால், அதே டிக்கெட்டிலுள்ள மற்ற எல்லாத் துண்டுகளும், ஊர் திரும்பும் டிக்கெட் உட்பட, ரத்தாகிவிடும். வழி அடைபட்டது தெரிந்த நிமிடமே, கோவை விமானம் கிளம்புவதற்கு முன்பே, ஏர்லைன்ஸைக் கூப்பிட்டு முதல் துண்டை நீக்கி டிக்கெட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அவருடைய இரவு நேர எண்ணையும் முன்பே வாங்கி வையுங்கள்.

கோவையிலிருந்தே நாட்டை விட்டுக் கிளம்ப ஒரு வழி உண்டு. ஏர் அரேபியா விமானத்தில் ஷார்ஜா போய், அங்கிருந்து அதே நிறுவனத்தில் வியன்னா, மிலான் பெர்காமோ, ஏதென்ஸ், கிராக்கோவ் போன்ற ஊர்களுக்கு மாறலாம். மலைக்காரருக்கு இது மிகவும் வசதி, ஏனென்றால் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டைத் தாண்டி இந்தியாவில் எங்கும் அலைய வேண்டியதில்லை. மலிவு விமானம் என்பதால் சாப்பாடும் பெட்டி எடையும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். பெட்டி எடையை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள், கவுண்டரில் வாங்கினால் விலை கூடும். ஷார்ஜா விமான நிலையம் சிறியது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சரி, பத்து மணி நேரத்துக்கு அலுத்துவிடும்.

நடுவழிக் காத்திருப்பு 24 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் அது டிரான்சிட். அதைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர் ஆகிவிடும். அப்போது கட்டணம் மாறலாம், பெட்டியும் நடுவிலேயே உங்கள் கைக்கு வந்துவிடும். 23 மணி நேரக் காத்திருப்பையும் 25 மணி நேரக் காத்திருப்பையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

மலை இறங்குவது

ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையம் சுமார் 100 கிலோமீட்டர். சாதாரண நாளில் மூன்றிலிருந்து மூன்றரை மணி நேரம் ஆகும். அந்தச் 'சாதாரண நாள்' வருடத்தில் எத்தனை என்பதுதான் கேள்வி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், பர்லியார், கோத்தகிரிச் சரிவுகள்தான் முதலில் அடி வாங்கும். 2009 நவம்பர் மண்சரிவில் என்ன நடந்தது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். தென்மேற்குப் பருவமழையில் அடி மேற்குப் பக்கம் விழும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இதைக் கணக்கில் வைக்க வேண்டும். இந்த மாதங்களில் விமானத்துக்கு முந்தைய இரவையே மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ கழித்துவிடுங்கள். லாட்ஜுக்குக் கொடுக்கும் பணம் டிக்கெட் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஏப்ரல், மே சீசனில் பருவமழை இல்லை, கூட்டம் உண்டு. போலீஸ் பாதையை ஒருவழியாக்கும்போது ஏறும் வண்டிகள் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடப்படும். குன்னூரில் இருப்பவர்கூடக் கோத்தகிரி சுற்றித்தான் இறங்க வேண்டியிருக்கும். சீசனில் ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். கோவையிலிருந்து டாக்ஸியை மேலே வரவழைப்பதாக இருந்தால், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வரத் தேவையான இ-பாஸை அந்த வண்டிக்கு எடுத்தாயிற்றா என்று முதல் நாளே டிரைவரிடம் கேளுங்கள். டிஎன் 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டியில் இறங்குவது இதைவிட நிம்மதி.

பஸ்ஸில் வருகிறவர்கள் கோவையில் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில்தான் இறங்குவார்கள். அங்கிருந்து விமான நிலையம் நகரத்தின் மறுகோடி. டவுன் பஸ் பிடித்தால் சிட்ராவில் இறங்கி உள்ளே போக வேண்டும். இரண்டு பெரிய பெட்டி இருந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே கார் எடுத்துவிடுங்கள்.

பெங்களூரு போகிறவர்களுக்கு வேறு ஒரு கடிகாரம். முதுமலையைத் தாண்டிப் பந்திப்பூர் காட்டுப்பாதை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். ஐரோப்பா, வளைகுடா விமானங்கள் பலவும் நள்ளிரவு தாண்டிக் கிளம்புகின்றன. 'ராத்திரி விமானம்தானே, சாயங்காலம் கிளம்பினால் போதும்' என்ற கணக்கு இங்கே எடுபடாது. கெம்பேகவுடா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, அதாவது பெங்களூரு முழுவதையும் கடந்து போக வேண்டும். ஊட்டியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதிகாலை 4 மணி விமானம் என்றால் முதல் நாள் மதியம் 1 மணிக்குள் ஊட்டியை விட வேண்டும். இரவு 10 மணிக்குப் போய்ச் சேர்ந்தால், கையில் ஒரு பஞ்சர் தாங்கும் அளவு நேரம் மிச்சம் இருக்கும். மைசூர்வரை காரில் போய், அங்கிருந்து விமான நிலையத்துக்கே நேராகப் போகும் கர்நாடக அரசின் ஃப்ளை பஸ்ஸிலும் ஏறலாம்.

சென்னை வழி என்றால் மேட்டுப்பாளையத்தில் ஏறும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. காலையில் சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவிலேயே விமான நிலையம் போகலாம். நள்ளிரவு விமானம் என்றால் ஒரு முழுப் பகல் சென்னையில் போகும். ஆனால் ரயில் நான்கு மணி நேரம் தாமதமானாலும் பதற வேண்டியதில்லை. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வழியைத்தான், ஏனென்றால் படுத்துக்கொண்டே போகலாம்.

டிக்கெட்டில் 10-ஆம் தேதி 00.40 என்று இருந்தால் நீங்கள் மலை இறங்க வேண்டியது 9-ஆம் தேதி. வீட்டுக் காலண்டரில் 9-ஐத்தான் வட்டமிட வேண்டும்.

இந்திய விமான நிலையத்தில் ரொம்ப முன்னால் போய்ச் சேர்வதிலும் ஒரு சங்கடம் உண்டு. செக்-இன் கவுண்டர் பொதுவாக மூன்று, நான்கு மணி நேரம் முன்புதான் திறக்கும். அதுவரை பெட்டி உங்கள் கையிலேயே இருக்கும், பாத்ரூமுக்குக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரே டிக்கெட்டில் கோவையிலேயே பெட்டியைப் போட்டுவிட்டு வருகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. டெல்லி, மும்பையில் உள்நாட்டு விமானம் ஒரு டெர்மினலிலும் வெளிநாட்டு விமானம் இன்னொன்றிலும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர் சாலைப் பயணம். பெங்களூரில் வெளிநாட்டு விமானங்கள் டெர்மினல் 2-இல் இருந்து கிளம்பும். உள்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு மாற இந்தியாவில் குறைந்தது நான்கு மணி நேரம் வையுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லி வழியைத் தவிர்ப்பது நல்லது, விடிகாலைப் பனிமூட்டத்தில் விமானங்கள் வரிசையாகத் தாமதமாகும்.

விசா ஸ்டிக்கரில் உள்ள தேதி

ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம். விசா 10-ஆம் தேதி தொடங்குகிறது, உங்கள் விமானம் 9-ஆம் தேதி இரவு 11.30-க்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது என்றால், அந்த அரை மணி நேரத்துக்காகவே இந்தியாவில் போர்டிங் பாஸ் தர மறுப்பார்கள். நேர வித்தியாசம்தான் இந்தத் தவறை மறைத்துவிடுகிறது. கோடையில் ஜெர்மனி நமக்கு 3.30 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 4.30. நம் கடிகாரத்தில் 10-ஆம் தேதி பிறந்துவிட்டாலும் அங்கே இன்னும் 9-தான். விசா விண்ணப்பத்தில் பயணத் தேதியைப் போடும்போது, முதல் ஷெங்கன் விமான நிலையத்தில் உள்ளூர் நேரப்படி என்ன தேதிக்கு இறங்குகிறீர்கள் என்று பார்த்துப் போடுங்கள்.

இஸ்தான்புல்லில் மாறுகிறவர்களுக்கும் இதே கதை. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குத் துருக்கி இ-விசா தருகிறது, வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஆனால் துருக்கிக்குள் நுழையும் நாளில் ஷெங்கன் விசா நடப்பில் இருக்க வேண்டும். ஷெங்கன் விசா மறுநாள்தான் தொடங்குகிறது என்றால் இஸ்தான்புல்லில் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். இரண்டும் சரியாக இருந்தால், டர்கிஷ் ஏர்லைன்ஸ் 6 முதல் 24 மணி நேர லேஓவர் உள்ள தன் பயணிகளை இலவசமாக ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போகிறது. புறப்படும் நேரங்கள் குறிப்பிட்டவை, ஆகவே நீங்கள் இறங்கும் நேரம் பொருந்துகிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள். விமான நிலையம் நகரத்திலிருந்து வெகு தூரம், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் தனியாக வெளியே போக வேண்டாம்.

லண்டன் வழி மாறுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுற்றுலா ஷெங்கன் விசா கையில் இருந்தாலும், ஹீத்ரோவில் வெளியே வராமல் விமானம் மாறவே இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக பிரிட்டனின் டிரான்சிட் விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் ஹீத்ரோ டிக்கெட் மலிவாக வந்தாலும் அந்த விசாச் செலவைச் சேர்த்துப் பாருங்கள்.

துபாயில் வெளியே போக 48 மணி நேர, 96 மணி நேர டிரான்சிட் விசாக்கள் உள்ளன. ஏர்லைன்ஸ் மூலமாகக் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும், போய் இறங்கிய பிறகு கேட்க முடியாது. தோஹாவில் இந்தியர்களுக்கு விசா எளிது என்றாலும் ஹோட்டல் பதிவும் அடுத்த டிக்கெட்டும் கேட்பார்கள். 'டிஸ்கவர் கத்தார்' தளத்தில் பதிவு செய்துகொண்டு போவதே பாதுகாப்பு.

பயணக் காப்பீட்டிலும் கவனம் தேவை. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் 'ஷெங்கன் மட்டும்' என்ற மலிவான பாலிசியை எடுத்துவிடுகிறார்கள். தோஹா லவுஞ்சில் வழுக்கி விழுந்தால் அது உதவாது. அமெரிக்கா, கனடா நீங்கலாக உலகம் முழுவதற்குமான பாலிசியாக எடுங்கள், தொடக்கத் தேதி வீட்டை விட்டுக் கிளம்பும் நாளாக இருக்கட்டும்.

பெட்டியில் ஒட்டும் சீட்டு

கோவை கவுண்டரில் பெட்டியைப் போட்டதும் கைப்பிடியில் ஒரு நீளச் சீட்டைச் சுற்றி ஒட்டுவார்கள். அதில் பெரிதாக மூன்று எழுத்து அச்சாகியிருக்கும். அது நீங்கள் கடைசியாக இறங்கும் ஊரின் குறியீடாக இருக்க வேண்டும். நீங்கள் போவது வியன்னா, சீட்டில் இருப்பது மும்பையின் குறியீடு என்றால், பெட்டி மும்பையில் பெல்ட்டுக்கு வந்துவிடும். நீங்களோ அதைப் பார்க்காமல் அடுத்த விமானத்துக்குப் போய்விடுவீர்கள். பெட்டி பெல்ட்டில் நகரும் முன்பே அந்த மூன்றெழுத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களிடம் தரும் சின்னத் துண்டுச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள், பெட்டி வராவிட்டால் தேடுவதற்கு அந்த எண்தான் ஆதாரம். பெட்டியையும் மூடும் முன் திறந்தபடி ஒரு படம் எடுங்கள். என்னென்ன இருந்தது என்று ஐரோப்பாவில் படிவம் நிரப்பும்போது ஞாபகம் வராது.

பெட்டிக்குள் எது போகக்கூடாது என்பதில் மலைக்காரர்களுக்குச் சில தனிக் குறிப்புகள் உண்டு. வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், டீத்தூள் இவற்றுக்குப் பிரச்சினை இல்லை. நெய், தயிர், பால்கோவா, பன்னீர், கறி வகை எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதி இல்லை. கறிவேப்பிலை, பழம், காய்கறி எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் மட்டும் விதிவிலக்கு. தேன் 2 கிலோ வரை கொண்டு போகலாம். நீலகிரித் தைலம் தீப்பற்றும் எண்ணெய். மருந்துக்காக ஒரு சின்னக் குப்பியைக் கைப்பையின் திரவப் பையில் வையுங்கள், பரிசுக்கென்று பெரிய பாட்டில் வேண்டாம்.

வளைகுடாவில் வெளியே போகும் எண்ணம் இருந்தால் கசகசாவைப் பற்றி வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் உள்ளது, மசாலாப் பொடியோடு ஒரு பொட்டலம் போனால்கூடச் சிறை வரை போகலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரைகளும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. டாக்டர் சீட்டு இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள்.

கையில் இருப்பது எத்தனை மணி நேரம்

தோஹாவில் காலை 6 மணிக்கு இறங்கி, பிற்பகல் 3.30-க்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்வோம். தாளில் ஒன்பதரை மணி நேரம். இறங்கி, நடந்து, இமிகிரேஷன் முடிக்க ஒரு மணி நேரம். மெட்ரோவில் ஊருக்குள் போக அரை மணி, திரும்ப அரை மணி. மறுபடி இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை, கேட்டுக்கு நடப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மிச்சம் ஐந்து மணி நேரம். அதிலும் காலை 7.30-க்கு ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். சூக் வாகிஃப் சந்தையில் கடைகள் முழுதாகத் திறந்திருக்காது, வெள்ளிக்கிழமை என்றால் மெட்ரோவே தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தும். குன்னூர்க் காற்றில் பழகிய உடம்பை, அதுவும் ஒரு இரவு தூங்காத உடம்பை, அந்த வெயிலில் நிறுத்துவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை என்றால் தாராளமாகப் போகலாம்.

துபாயில் மெட்ரோ டெர்மினல் 1, 3 இரண்டிலிருந்தும் போகிறது, ஆனால் இரவு முழுக்க ஓடாது. பகலில் நேரம் இருந்தால் தேரா பக்கம் இறங்கி ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் க்ரீக் என்ற கடல் கழியைக் கடக்கலாம். அந்தக் கரையில் பர் துபாய், அங்கிருந்து கராமாவும் பக்கம்தான். இரண்டு இடத்திலும் இட்லி, தோசை கிடைக்கும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவான லேஓவருக்கு எந்த வளைகுடா ஊரிலும் வெளியே போக வேண்டாம்.

வளைகுடாவில் தூக்கம்

மலையிலிருந்து வருகிறவருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். மதியம் ஊட்டியில் கிளம்பி, விடிகாலை பெங்களூரில் ஏறி, தோஹாவில் இறங்கும்போது ஒரு இரவு முழுதாகப் போயிருக்கும். தோஹா ஹமத் விமான நிலையத்தில் படுத்துக்கொள்ளச் சாய்வு நாற்காலிகள் போட்ட அமைதி அறைகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. காலை நேரத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே இறங்கியதும் டீ குடிக்கப் போகாமல் முதலில் இடம் பிடியுங்கள். விமான நிலையத்துக்கு உள்ளேயே, இமிகிரேஷன் தாண்டாமல் தங்கும் ஹோட்டல்களும் தோஹாவிலும் துபாயிலும் உண்டு. மணிக் கணக்கில் அறை தருவார்கள். குழந்தைகளோடு எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பதாக இருந்தால் இதற்குச் செலவழிப்பது தகும், ஆனால் முன்பதிவு செய்தே போங்கள்.

அலாரத்தை உள்ளூர் நேரத்துக்கு வையுங்கள். போர்டிங் பாஸிலுள்ள நேரம் எப்போதும் அந்த ஊர் நேரம்தான். துபாய் நமக்கு 1.30 மணி நேரமும் தோஹாவும் இஸ்தான்புல்லும் 2.30 மணி நேரமும் பின்னால். கையில் கட்டிய கடிகாரம் இந்திய நேரத்திலும் செல்போன் உள்ளூர் நேரத்திலும் இருப்பதால்தான் பலர் குழம்புகிறார்கள், இரண்டையும் இறங்கியதும் ஒன்றாக்கிவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்காதீர்கள், தூங்கினால் ஐரோப்பாவில் முதல் இரவு விழித்தே இருப்பீர்கள்.

குளிர்தான் தூக்கத்தைக் கெடுக்கும். 'வளைகுடா சூடான ஊர்தானே' என்று ஸ்வெட்டரைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஏசி இரவு முழுக்க ஒரே சீராக அடிக்கும். சால்வை, சாக்ஸ், மஃப்ளர் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பற்றி மலைக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தையே வைக்கிறார்கள். ஊட்டி 7,350 அடி, குன்னூர் ஏறத்தாழ 6,000 அடி, ஆக நீங்கள் தினமும் மூச்சு விடும் காற்றுதான். தொல்லை ஈரப்பதத்தில்தான், விமானத்துக்குள் காற்று வறண்டு கிடக்கும். பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கும், லேஓவரில் மணிக்கு ஒரு முறை டெர்மினலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடங்கள்.

வீல்சேர் தேவைப்படும் பெரியவர்களுக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லி வையுங்கள். நீண்ட லேஓவரில் அவர்களை உதவிப் பிரிவின் காத்திருப்பு அறையில் உட்காரவைத்துவிட்டு, போர்டிங் நேரத்தில்தான் வந்து கூட்டிப் போவார்கள். மருந்து, சாப்பாடு, மொழி தெரிந்த ஒருவர், மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். சைவச் சாப்பாட்டுக்கு ஏவிஎம்எல் என்ற குறியீட்டைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள், அது நம் ஊர்ப் பாணிச் சைவம். விஜிஎம்எல் என்று போட்டால் பால், தயிர் எதுவும் இல்லாத சாப்பாடு வரும். எச்என்எம்எல் என்பது அசைவம், 'ஹிந்து மீல்' என்ற பெயரைப் பார்த்துச் சைவம் என்று எடுத்துவிடாதீர்கள்.

ஷெங்கனுக்குள் காத்திருந்தால்

ஊர் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது, கூடுதல் விசா எதுவும் தேவையில்லை. முதலில் இறங்கும் ஷெங்கன் விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட் சோதனை முடிந்துவிடும், அங்கிருந்து போகும் ஷெங்கன் விமானம் உள்நாட்டு விமானம் மாதிரி. சூரிக் விமான நிலையத்திலிருந்து நகர மைய ரயில் நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஃபிராங்க்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம் கால் மணி நேரம் போலத்தான். பாரீஸ், மியூனிக் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகும். ஆறு மணி நேர லேஓவர் இருந்தால் முதல் மூன்று ஊர்களில் நிம்மதியாக ஒரு சுற்று போய் வரலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப் படமும் விரல் ரேகையும் பதியும் இஇஎஸ் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் முறை போகிறவருக்கு இதில் நேரம் பிடிக்கும், வரிசையும் நீளும். அடுத்த விமானத்துக்கு இடையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பாருங்கள். வெளியே வந்த அந்த நாளே நீங்கள் தங்கும் நாட்களில் முதல் நாளாகக் கணக்காகும். ஒருமுறை மட்டும் நுழையும் விசா வைத்துக்கொண்டு, இடையில் லண்டனுக்கோ டப்ளினுக்கோ போய்விட்டால் திரும்ப நுழைய முடியாது.

ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு, கையிருப்புக்கான ஆதாரம் இவற்றை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். பெட்டிக்குள் போட்டால் பாஸ்போர்ட் கவுண்டரில் எடுக்க முடியாது. வளைகுடா டூட்டி ஃப்ரீயில் வாசனைத் திரவியமோ மதுவோ வாங்கினால், கடைக்காரர் ரசீதோடு மூடித் தரும் முத்திரைப் பையைக் கடைசி ஊர் வரை திறக்கக்கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் மறுபடி சோதனை உண்டு, பை திறந்திருந்தால் 100 மில்லிக்கு மேல் உள்ளதைத் தூக்கிப் போடச் சொல்வார்கள்.

கைப்பை

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட்-ஹவருக்குள், அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரை. 2025 அக்டோபர் முதல் எமிரேட்ஸ் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே கூடாது, ஒன்றுதான் எடுத்துப் போகலாம். அதனால் லேஓவரில் செல்போனைச் சுவர் பிளக்கில் முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். வளைகுடாவில் பிரிட்டிஷ் மாதிரிச் சதுர மூன்று முள் பிளக், ஐரோப்பாவில் உருண்டை இரண்டு முள். நம் இரண்டு முள் சார்ஜர் ஐரோப்பாவில் பெரும்பாலும் பொருந்தும், துபாயிலும் தோஹாவிலும் அடாப்டர் இல்லாமல் நுழையாது.

வங்கி ஓடிபி வரும் சிம்மில் ரோமிங்கைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள், வைஃபையில் எஸ்எம்எஸ் வராது. கார்டு மெஷின் 'ரூபாயில் கழிக்கவா' என்று கேட்டால் வேண்டாம், உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிக் கழிப்பார்கள். ஒரு மாற்றுடை, பல்துலக்கி, இரண்டு நாளுக்கான மருந்து, கொஞ்சம் வர்க்கி. பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் இவை போதும்.

போர்டிங் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது பலகையில் கேட் எண்ணை ஒரு முறை பாருங்கள், அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். தோஹா, துபாய், இஸ்தான்புல் மூன்றிலும் கேட் கடைசி நேரத்தில் மாறுவதுண்டு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ரயிலோ நீண்ட நடையோ தேவைப்படலாம். விமானம் கிளம்பும் நேரத்துக்குக் கால் மணி, இருபது நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குப் பின் ஓடி வந்தாலும் பயன் இல்லை. தூங்குகிற இடத்திலிருந்து கேட்டுக்கு எத்தனை நிமிட நடை என்று படுக்கும் முன்பே ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுப் படுங்கள்.